புக் நுக் கிட்டை மூர் மார்க்கெட்டாக மாற்ற முடியுமா?

நிலாமுற்றம் (சென்னை) | ஜனவரி 18, இரவு 10:40

வணக்கம் நண்பர்களே. இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

டிசம்பரில் என் முதல் புக் நுக்கைக் (அலமாரியில் புத்தகங்களுக்கு நடுவே செருகும் குட்டிக் காட்சிப்பெட்டி) கட்டி முடித்தேன். ஜப்பானியச் சந்து, இரண்டு பக்கமும் கடைகள், மேலே செர்ரிப் பூ. அலுவலகம் விட்டு வந்து தினமும் ஒரு மணி நேரம் என்று மூன்று வாரம் ஆனது. கையேட்டில் சொன்னதில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. முடித்து, அலமாரியில் புத்தகங்களுக்கு நடுவே செருகி, விளக்கைப் போட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். அவருக்கு 71 வயது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குனிந்து, ரொம்ப நேரம் உள்ளே பார்த்தார். "நல்லா இருக்கும்மா. இது எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னேன். அப்புறம் அவர் பாட்டுக்கு சென்னையில் இருந்த பழைய மூர் மார்க்கெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

எழுபதுகளில் விழுப்புரத்திலிருந்து படிக்க வந்தவர். ஐந்து வருடப் பாடப்புத்தகங்களையும் அங்கேதான் பழைய விலைக்கு வாங்கி, படித்து முடித்து, அங்கேயே திருப்பி விற்றிருக்கிறார். ஒன்றை மட்டும் விற்க மனசு வராமல் வைத்துக்கொண்டார். அது இன்னும் வீட்டில் இருக்கிறது.

இரண்டாவதாக ஒரு புத்தகக் கடை கிட் வாங்கி வைத்திருக்கிறேன், மூவாயிரத்துச் சொச்சம். ஐரோப்பியக் கடை மாதிரி: சுழல் படிக்கட்டு, பச்சைக் கதவு, உள்ளே சோபா. இதை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைச் சந்தாக மாற்ற வேண்டும். சிவப்புச் செங்கலை எப்படிக் கொண்டுவருவது? புத்தகங்கள் எந்த அளவில் இருக்க வேண்டும்? இவ்வளவு விலை கொடுத்த கிட்டை வெட்டலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


மரத்தூள் (கோயம்புத்தூர்) | ஜனவரி 18, இரவு 11:25

வரவேற்கிறேன் சகோதரி. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வெளிப்பெட்டியை வெட்டாதீர்கள். இந்தக் கிட்களில் பக்கப் பலகை இரண்டு, தரை, கூரை, பின்பலகை ஐந்தும் ஒன்றின் பல் இன்னொன்றின் பள்ளத்தில் உட்காருவதால்தான் பெட்டி நேராக நிற்கிறது. ஒரு பல்லை அறுத்தால் மூலை மட்டம் போய்விடும், அப்புறம் கண்ணாடித் தகடு உட்காராது. பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே வரும் படிக்கட்டையும் சோபாவையும் எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். வேறொரு வேலைக்கு ஆகும்.

உள்சுவரைத் தனியாகச் செய்து ஒட்டுவதுதான் வழி. 2 மி.மீ. மவுண்ட் போர்டோ, கட்டிடக்கலை மாணவர்கள் வாங்கும் சன்போர்டோ (நுரைப் பலகை) போதும். பக்கப் பலகையை அட்டையில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, எல்லாப் பக்கமும் 2 மி.மீ. குறைத்து வெட்டுங்கள். பெட்டியை ஒட்டும் முன்பே இந்தச் சுவர்கள் முழுதாக முடிந்திருக்க வேண்டும். ஒட்டிய பெட்டிக்குள் கையை விட்டுப் பெயின்ட் அடித்தவன் நான். ஒரு சுவருக்கு இரண்டு நாள் ஆனது, அதுவும் திட்டுத் திட்டாக.

முதலில் பசை இல்லாமல் முழுப் பெட்டியையும் ஒரு முறை கூட்டிப் பாருங்கள். பல் இறுகினால் தட்டாதீர்கள். 240 எண் உப்புத்தாளால் இரண்டு இழுப்பு, பிறகு மெழுகுவர்த்தியை அந்தப் பல்லில் லேசாகத் தேயுங்கள், வெண்ணெய் மாதிரி இறங்கும். ஆனால் பசை போடப்போகிற பல்லில் மெழுகு கூடாது, பிடிக்காது.

பசை என்றால் ஃபெவிகால்தான். ஃபெவிகுவிக்கை அக்ரிலிக் தகட்டுப் (கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்) பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டாம். அது காயும்போது கிளம்பும் ஆவி தெளிவான தகட்டில் வெள்ளைப் புகையாகப் படியும், துடைத்தாலும் போகாது.


பழையகணக்கு (சென்னை) | ஜனவரி 19, காலை 6:10

அம்மா, உங்கள் அப்பாவும் நானும் ஒரே கடையில் நின்றிருக்கக்கூடும். படித்ததும் தூக்கம் போய்விட்டது.

அடிப்படை விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். மூர் மார்க்கெட்டுக்கு 1898இல் அடிக்கல் நாட்டி 1900இல் திறந்தார்கள். அப்போது மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் பெயர்தான் அதற்கு. சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், இந்தோ சாரசெனிக் பாணியில், சிவப்புச் செங்கல் கட்டிடம். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் வளைவு வளைவாகத் தாழ்வாரம். 1985 மே 30இல் எரிந்தது. கடைக்காரர்களுக்கு அல்லிக்குளத்தில் வளாகம் கட்டிக் கொடுத்தார்கள். பழைய இடத்தில் ரயில்வே கட்டிடம் வந்தது. புறநகர் ரயில் ஏறுகிறவர்கள் இன்றும் மூர் மார்க்கெட் வளாகம் என்றுதான் சொல்கிறார்கள்.

இனி நான் பார்த்தது. உங்கள் கிட்டில் புத்தகங்கள் அலமாரியில் ஒழுங்காக நிற்கும். அங்கே நின்றது குறைவு, கிடந்ததுதான் அதிகம். தரையிலிருந்து இடுப்பளவுக்குப் படுக்கவைத்து அடுக்கிய புத்தகங்கள், முதுகு வெளியே தெரியும்படி. அடியில் இருப்பதை நீங்கள் கேட்டால் கடைக்காரர் மேலே இருக்கும் இருபது புத்தகத்தை இடது கையால் தாங்கிக்கொண்டு வலது கையால் ஒரே இழுப்பில் உருவிவிடுவார். அடுக்கு அசையாது. அதனால் அடுக்குகளை நேராக வைக்காதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கட்டும், இரண்டு அடுக்கு ஒன்றையொன்று தாங்கி நிற்கட்டும்.

நிறம் மிக முக்கியம். இப்போது வருகிற புத்தகங்கள் மாதிரி பளபளவென்று சிவப்பும் நீலமும் இருக்காது. பாதிக்கு மேல் பழுப்புத்தாள் அட்டை போட்டவை, முதுகில் மசியால் பெயர் எழுதியவை. மிச்சம் காலிகோ பைண்டிங் (துணி ஒட்டிய அட்டை): மங்கிய பச்சை, மெரூன், சாம்பல். ஓரம் மஞ்சளித்த தாள். பின்பக்கம் போனால் கிராமபோன் தட்டு, கிளிக் கூண்டு, புறா. ஒரு கூண்டை மூலையில் தொங்கவிட்டால் அந்த இடத்தைத் தெரிந்தவர்கள் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார்கள்.


சிறுவிளக்கு (திருச்சி) | ஜனவரி 19, மாலை 7:45

விளக்கு என் பகுதி, அதை மட்டும் சொல்கிறேன்.

கிட்டோடு வரும் எல்இடி பெரும்பாலும் இரண்டு பட்டன் பேட்டரியில் ஓடும், அல்லது இரண்டு ட்ரிபிள் ஏ. சிஆர்2032 பட்டன் பேட்டரி ஒன்றின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்ப் மணி, அதுவும் மிகக் குறைந்த மின்சாரம் இழுத்தால்தான். நான்கைந்து விளக்கு போட்டால் தினமும் மாலையில் ஒரு மணி நேரம் எரிப்பவருக்கு ஒரு வாரத்தில் மங்கிவிடும். யுஎஸ்பிக்கு மாற்றிவிடுங்கள். பழைய போன் சார்ஜர் போதும், 5 வோல்ட். வெள்ளை எல்இடி ஏறக்குறைய 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 2. ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனியாக 470 ஓம் ரெசிஸ்டர் போட்டால் சுமார் 4 மில்லி ஆம்ப் ஓடும். இவ்வளவு சின்னப் பெட்டிக்கு அதுவே தாராளம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டால் ஒன்று பிரகாசமாகவும் ஒன்று மங்கலாகவும் எரியும்.

சென்னை ரிச்சி தெருவில் 0603 அளவு எல்இடி கம்பி ஒட்டியதாகவே கேளுங்கள். 1.6க்கு 0.8 மி.மீ., கடுகை விடச் சிறியது. அந்தக் கம்பி மேல் எனாமல் பூச்சு இருக்கும். நுனியைச் சுரண்டாமல் பற்றவைத்தால் மின்சாரம் போகாது, எல்இடி கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவோம். நிறம் வார்ம் ஒயிட் (மஞ்சள் கலந்த வெள்ளை), 2700 கெல்வினுக்குப் பக்கத்தில். குண்டு பல்பு காலத்துக் கடைக்கு நீல வெள்ளை விளக்கு போட்டால் மருந்துக்கடை மாதிரி ஆகிவிடும். எல்இடி நேராகக் கண்ணில் படக்கூடாது. மேலே ஒரு துண்டு டிரேசிங் பேப்பர் ஒட்டுங்கள், அல்லது வளைவுக்குப் பின்னால் மறைத்து வையுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் பட்டன் பேட்டரியை வெளியே வைக்கவே வேண்டாம். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். மூடி திருகாணியோடு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.


இரவுப்பணி (மதுரை) | ஜனவரி 20, காலை 9:30

எல்லோரும் மாற்றுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஒரு வார்த்தை வேறு மாதிரி சொல்கிறேன், கோபமில்லை.

நான் செவிலியர். மாதத்தில் பாதி நாள் இரவு வேலை. காலை எட்டரைக்கு வீட்டுக்கு வந்தால் உடம்பு தூங்கச் சொல்லும், மனசு தூங்காது. அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுக்க என்னால் முடியாது. இரவு முழுக்க முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருப்பேன். கிட்டைத் திறந்தால் பி தகட்டில் 14ஆம் துண்டை எடு, 15ஓடு சேர் என்று அது சொல்லும். நான் செய்வேன். ஒரு குட்டி நாற்காலி உருவாகும். முக்கால் மணி நேரத்தில் மூச்சு சமமாகிவிடும். இப்படி ஏழு கிட் கட்டியிருக்கிறேன், எதிலும் ஒரு துண்டுகூட மாற்றியதில்லை. அவை எந்த ஊர் என்று எனக்குக் கவலை இல்லை. அங்கே யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை, அது போதும்.

குழுக்களில் "சும்மா கிட் கட்டுகிறவர்கள்" என்று எழுதுவதைப் பார்க்கும்போது வலிக்கிறது. இங்கே யாரும் அப்படிச் சொல்லவில்லை, தெரியும். ஆனாலும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.


மரத்தூள் (கோயம்புத்தூர்) | ஜனவரி 20, பகல் 1:15

சகோதரி, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அந்த "சும்மா" என்ற சொல்லை வேறு இடத்தில் நானே பயன்படுத்தியிருக்கிறேன். இனி எழுத மாட்டேன். ஏழு கிட்டையும் கையேட்டின்படி பிசகாமல் முடித்த கைக்கு எந்த மூட்டு எப்படி உட்காரும் என்று தெரிந்திருக்கும். மாற்றிக் கட்ட நினைப்பவர்களுக்கு முதலில் வேண்டியது அதுதான்.


கிடுகுவேலி (யாழ்ப்பாணம்) | ஜனவரி 21, இரவு 8:50

எல்லாருக்கும் வணக்கம். இந்த இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். என்னுடையது கிட் இல்லை. இங்கே ஒரு கிட்டை எடுப்பிக்கிற காசுக்கு ஒரு மாதச் சாமான் வாங்கலாம். பெட்டி மட்டை, ஐஸ்கிறீம் குச்சி, மாப்பசை இவ்வளவும்தான்.

2018இல் மோண்டே என்ற பெயரில் வேலை செய்கிற ஜப்பானியக் கலைஞர் தோக்கியோவின் சந்து ஒன்றைப் புத்தக அலமாரிக்குள் செருகி, டிசைன் ஃபெஸ்டா கண்காட்சியில் வைத்தார். அந்தப் படங்கள் ட்விட்டரில் பரவித்தான் உலகமெல்லாம் இந்தப் பித்துப் பிடித்தது, கொம்பனிகள் கிட் போடத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். நான் அந்தப் படத்தைக் கண்டபோது முதலில் நினைத்தது, அட, இது எங்கட ஒழுங்கை (சந்து) மாதிரியே ஒடுக்கமாக இருக்கிறதே என்றுதான். அவர் தான் நடந்த சந்தைச் செய்தார், நான் நடந்த ஒழுங்கையைச் செய்தால் என்ன?

இரண்டு பக்கமும் கிடுகு வேலி, நடுவில் மணல் பாதை, இடது பக்கம் ஒரு சங்கடப்படலை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது வீட்டு வாசல் படலைக்கு மேலே கூரை போட்டு, இரண்டு பக்கமும் இருக்கத் திட்டு வைத்து, வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கவும் தண்ணீர் குடிக்கவும் கட்டியது. அம்மம்மா வீட்டில் இருந்தது. இப்போது இல்லை.

கிடுகுதான் என்னை வாட்டி எடுத்தது. தென்னோலையைச் சீவிப் பின்னினால் அந்த அளவுக்குப் பருமனாக, பாய் மாதிரித் தெரிந்தது. கடதாசியைப் பின்னினால் உயிரில்லை. ஒரு நாள் முற்றம் கூட்டும்போது தென்னையில் இருந்து விழுந்த பன்னாடையைக் கையில் எடுத்தேன். பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாக இயற்கையாகவே பின்னிய இழை! ஒரு சாண் துண்டை வெட்டி, கழுவி, வெயிலில் இரண்டு நாள் காயவிட்டு, தண்ணீர் கலந்த பசை பூசி, பாரமான அகராதிக்குக் கீழே வைத்து நெரித்தேன். நெட்டாக ஈர்க்குத் துண்டுகளை மரமாக நட்டு அதைக் கட்டினேன். வடிவாக வேலியாகிவிட்டது. வெயிலில் சாம்பல் ஏறிய பழைய கிடுகின் நிறம் அதற்குத் தானாகவே இருக்கிறது, தீந்தை பூசத் தேவையே வரவில்லை.

இன்னொன்று. ஒழுங்கை நேராக முடியக்கூடாது, வளைய வேண்டும். பின்சுவரில் கண்ணாடியை நேராக வைத்தால் பார்க்கிறவரின் கண்ணே அதில் தெரியும், மாயம் கலைந்துவிடும். 45 பாகையில் சரித்து வைத்து, பக்கத்தில் ஒளித்து இன்னொரு துண்டு வேலியை வைத்தேன். இப்போது பாதை வலப்பக்கம் திரும்பிப் போகிற மாதிரி இருக்கிறது. நான்கு அங்குலந்தான் அது. ஆனால் என் மகள் "அங்கால என்ன இருக்கு?" என்று கேட்டாள்.


நிலாமுற்றம் (சென்னை) | ஜனவரி 22, இரவு 9:20

கிடுகுவேலி, உங்கள் பன்னாடை வேலியை மனதில் வைத்துக்கொண்டு இன்று வழியெல்லாம் கீழே பார்த்துக்கொண்டே நடந்தேன். இரவுப்பணி அக்கா, என் முதல் கிட்டை நானும் அப்படித்தான் கட்டினேன். அந்த மூன்று வாரத்தின் அமைதி எனக்கும் வேண்டியிருந்தது.

என் நிலவரம்: முதல் சுவர் வீணானது. கிட்டோடு வந்த எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையிலேயே நேராக நீர் கலந்த சிவப்பு அக்ரிலிக் பெயின்ட் அடித்துவிட்டேன். ஓரம் ஊதி, வெந்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. நல்லவேளை, பெட்டிப் பலகை இல்லை, உள்தடுப்புதான். இப்போது மரத்தூள் சொன்ன மாதிரி சன்போர்டு. பாரிமுனையில் வாங்கினேன். அதன் மேல் செங்கல் கோடு எப்படிப் போடுவது?


பூங்கொடி (சேலம்) | ஜனவரி 22, இரவு 11:05

நான் கட்டிட வரைபடம் போடுகிறவள், இது எனக்குப் பிடித்த கணக்கு.

உங்கள் கிட் 1:24 அளவுக்குப் பக்கத்தில் வரும், அதாவது நிஜத்தில் 24இல் ஒரு பங்கு. 9 அங்குலச் செங்கல் அப்போது 9.5 மி.மீ. நீளம், 3 அங்குலக் கனம் 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். டெம்மி அளவுப் புத்தகம் (தமிழ்ப் புத்தகங்களின் வழக்கமான அளவு) 9 மி.மீ. உயரம், 6 மி.மீ. அகலம். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்துச் சன்போர்டில் அழுத்திக் கோடு இழுங்கள். முதலில் படுக்கைக் கோடுகள், பிறகு ஒன்றுவிட்டு ஒன்று நிற்கிற கோடுகள். வெட்டக்கூடாது, அழுத்தினால் பள்ளம் விழும். அங்கங்கே ஒரு செங்கல் மூலையைப் பேனா முனையால் குத்திச் சிதைத்துவிடுங்கள். பெயின்ட் மூன்று தடவை: முழுக்கச் சுண்ணாம்புச் சாம்பல், காய்ந்ததும் ஸ்பாஞ்சில் செங்காவியைத் தொட்டுத் தொட்டு மேலே மட்டும், கடைசியாக மிகவும் நீர்த்த கறுப்பு. அந்தக் கறுப்பு பள்ளத்தில் போய் உட்காரும், செங்கல்லும் செங்கல்லும் பிரியும்.

ஆழம் உங்களுக்கு 17, 18 செ.மீ.தான் இருக்கும். அதை நீளமாகக் காட்ட ஒரு வழி உண்டு. முன்பக்கம் 1:24இல் தொடங்கி, பின்னால் போகப் போக 1:32க்குச் சுருக்குங்கள். பின்வரிசைப் புத்தகம் 9 மி.மீ.க்குப் பதில் 7. செங்கல் 7 மி.மீ. தரை பின்னால் ஒரு செ.மீ. ஏறட்டும், இரு சுவரும் ஆளுக்கு அரை செ.மீ. உள்ளே வரட்டும். கண் அதைத் தூரம் என்று எடுத்துக்கொள்ளும்.

இதெல்லாம் செய்வதற்கு முன் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, பெட்டி எந்தத் தட்டில் நிற்கப்போகிறது என்பதை. கண்ணுக்கு மேலே உள்ள தட்டு என்றால் தரை தெரியவே தெரியாது, உழைப்பையெல்லாம் வளைவிலும் உத்திரத்திலும் போடுங்கள். மார்பளவுத் தட்டு என்றால் தரைதான் எல்லாம். புத்தக அடுக்கு உங்கள் காட்சியின் உயிர் என்பதால் கீழ்த்தட்டு நல்லது, உங்கள் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தால் நேராகத் தெரிகிற உயரம்.

இன்னொரு விஷயம், நம் வீட்டு அலமாரிக்கே உரிய சிக்கல். இந்தக் கிட்கள் பெரிய அளவு ஆங்கிலப் புத்தகங்களுக்கு நடுவே நிற்கச் செய்தவை. தமிழ்ப் புத்தகம் பெரும்பாலும் டெம்மி, 21.5 செ.மீ. உயரம், 14 செ.மீ. அகலம். கிட்டின் உயரம் 24 செ.மீ.க்குக் குறையாது, ஆழமும் 17, 18 செ.மீ. நடுவில் வைத்தால் முன்னால் இரண்டு விரல் துருத்திக்கொண்டு நிற்கும். நான் பக்கத்துப் புத்தகங்களுக்குப் பின்னால் 4 செ.மீ. தெர்மகோல் பட்டை வைத்து எல்லாவற்றையும் முன்னுக்குத் தள்ளிவிட்டேன். முதுகுகள் பெட்டி முகத்தோடு ஒரே கோட்டில் வந்ததும்தான் அது சந்தாகத் தெரிந்தது, அதுவரை பெட்டியாகத்தான் தெரிந்தது.


நிலாமுற்றம் (சென்னை) | பிப்ரவரி 9, இரவு 10:15

மன்னிக்கவும், இரண்டரை வாரமாக எழுத முடியவில்லை, கட்டிக்கொண்டிருந்தேன்.

புத்தகம் செய்ய ஒரு வழி கிடைத்தது, மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன். ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்தேன், ஒரு மாலையில் பதினொன்றுதான் முடிந்தது. எனக்கு முந்நூறு வேண்டும். பிறகு 2 மி.மீ. மவுண்ட் போர்டை 6 மி.மீ. அகலத்தில் நீளமான பட்டையாக வெட்டினேன். அதன் மேல், அடியில், ஒரு பக்கவாட்டில் என்று மூன்று பக்கமும் மூடும்படி பழுப்புத்தாளை நீளவாக்கில் சுற்றி ஒட்டினேன். நான்காவது பக்கம் வெறுமையாக. காய்ந்ததும் பட்டையை 9 மி.மீ.க்கு ஒன்றாகத் துண்டு போட்டேன். ஒவ்வொரு துண்டும் அட்டை, முதுகு, தாள் ஓரத்தோடு ஒரு புத்தகம்! தாள் ஓரத்துக்குத் தேநீர் டிகாக்ஷனைத் தூரிகையால் தடவினேன், மஞ்சளித்துவிட்டது. மெல்லிய புத்தகத்துக்கு மட்டும் கல்யாணப் பத்திரிகை அட்டை. பத்திரிகை அட்டைகளில் இருக்கும் மெரூனும் கரும்பச்சையும் பழையகணக்கு ஐயா சொன்ன காலிகோ நிறத்துக்கு அப்படியே பொருந்தின.

ஐயா, அடுக்குகளைச் சாய்த்து வைத்திருக்கிறேன். கிளிக் கூண்டு 0.3 மி.மீ. செம்புக் கம்பியில். விளக்கு நான்கு, எல்லாம் வளைவுக்குப் பின்னால். பின்னால் கிடுகுவேலி சொன்ன சாய்ந்த கண்ணாடி. அதன் மேல் இருந்த பாதுகாப்புத் தாளைக் கடைசி நாள்தான் உரித்தேன்.


சிறுவிளக்கு (திருச்சி) | பிப்ரவரி 9, இரவு 10:50

அருமை. அந்தக் கண்ணாடியில் விரல் ரேகை பட்டால் ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். அக்ரிலிக் நுண்ணிய விரிசல் விடும். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி போதும்.


முதல்கிட் (கடலூர்) | பிப்ரவரி 10, காலை 7:30

நடுவில் ஒரு கேள்வி. கடற்கரை ஊர், ஈரக்காற்று. இதெல்லாம் தாங்குமா? பூச்சி வருமா?


மரத்தூள் (கோயம்புத்தூர்) | பிப்ரவரி 10, காலை 8:05

தாங்கும் தம்பி. வெட்டிய ஓரங்கள்தான் ஈரம் குடிக்கும் வாய். கட்டும் முன் எல்லா ஓரத்திலும் நீர் கலந்த ஃபெவிகால் ஒரு பூச்சு, காய்ந்ததும் மேட் வார்னிஷ். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், இரண்டு விரல் இடைவெளி. மைதாப் பசை வேண்டாம், ராமபாணப் பூச்சி அதைத் தேடி வரும். முன்பக்கம் அக்ரிலிக் மூடி போட்டால் தூசியும் அடையாது. கிடுகுவேலி சகோதரி, உங்கள் மாப்பசை வேலிக்கும் ஒரு வார்னிஷ் பூச்சு கொடுத்துவிடுங்கள்.


நிலாமுற்றம் (சென்னை) | பிப்ரவரி 15, இரவு 9:40

நேற்று முடிந்தது. பூங்கொடி சொன்ன மாதிரி கீழ்த்தட்டில், அப்பா விற்காமல் வைத்திருந்த அந்தப் பாடப்புத்தகத்துக்குப் பக்கத்தில் செருகினேன். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, அறை விளக்கை அணைத்து, சுவிட்சைப் போட்டேன்.

எதுவும் பேசவில்லை. முகத்தை அவ்வளவு பக்கத்தில் கொண்டுபோனார், மூச்சு பட்டு அக்ரிலிக்கில் பனி படிந்தது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கூண்டைக் காட்டி, "இது அந்தப் பக்கம் இருக்கும்" என்றார். வளைவை எண்ணினார். அப்புறம் கேட்டார்: "கடைக்காரர் எங்கம்மா உட்காருவார்?"

நான் மனித உருவம் எதுவும் வைக்கவில்லை. பொம்மை வைத்தால் பொம்மைக்கடை ஆகிவிடும் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவர் கேட்டது ஆளை இல்லை, இடத்தை. இடது பக்கம் முன்னால் ஒரு ஸ்டூல் இருக்குமாம். அதில் மடித்த துண்டு போட்டிருக்குமாம். பேரம் படியாவிட்டால் கடைக்காரர் அந்தத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வாராம், அதற்கு மேல் கேட்கக்கூடாது என்று அர்த்தமாம்.

அந்த இடத்தில் 40 புத்தகம் உள்ள அடுக்கை ஒட்டி வைத்திருக்கிறேன். அடுக்கை மட்டும் தரையைக் கெடுக்காமல் எடுக்க முடியுமா? ஃபெவிகால்தான், ஒரு வாரம் காய்ந்தது.


பழையகணக்கு (சென்னை) | பிப்ரவரி 15, இரவு 9:58

துண்டு! நான் மறந்தே போயிருந்தேன். எங்கள் கடைக்காரரும் அதையேதான் செய்வார்.


மரத்தூள் (கோயம்புத்தூர்) | பிப்ரவரி 15, இரவு 10:20

முடியும். தண்ணீர் காட்டாதீர்கள், தரை ஊதும். முடி உலர்த்தும் டிரையரை மிதமான சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, அடுக்கின் அடியில் மட்டும் இரண்டு நிமிடம் காட்டுங்கள். பக்கத்துக் கம்பிகளுக்கு ஈரத்துணி இல்லாமல், மடித்த அட்டையால் மறைப்பு. காய்ந்த ஃபெவிகால் சூட்டில் இளகும். உடனே பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, தரையை ஒட்டி ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுங்கள். அவசரப்பட்டு நெம்ப வேண்டாம். வராவிட்டால் மறுபடி சூடு.


நிலாமுற்றம் (சென்னை) | பிப்ரவரி 16, பகல் 12:30

மூன்றாவது தடவை சூட்டில் வந்துவிட்டது. தரையில் ஒரு நகம் அளவுக்குப் பெயின்ட் போயிருக்கிறது, அங்கேதான் ஸ்டூல் வரப்போகிறது, தெரியாது. ஐஸ்கிரீம் குச்சியில் கால் சீவிக்கொண்டிருக்கிறேன். 45 செ.மீ. ஸ்டூல், 1:24க்கு 1.9 செ.மீ. துண்டுக்கு அப்பாவின் பழைய கைக்குட்டையில் ஓரத்தை வெட்டிக் கொடுத்திருக்கிறார், நீலக் கரை போட்டது. எத்தனை மடிப்பு என்று அவரே மடித்துக் காட்டுகிறார்.